ஸ்கைரிம் மாற்றுப்பொதிகள்

ஸ்கைரிம் மாற்றுப்பொதிகள் என்பவை, தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 5: ஸ்கைரிம் என்னும் கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டின் உள்ளடக்கத்தையோ இயக்கத்தையோ மாற்றுவதற்காகப் பெரும்பாலும் விளையாட்டாளர்களே உருவாக்கும் கோப்புத் தொகுதிகள் ஆகும். இவை பொதுவழக்கில் மோட் என அழைக்கப்படுகின்றன. எழுத்துப்பிழையைத் திருத்தும் சிறு கோப்பு முதல் புதிய நிலப்பரப்பையும் கதையையும் கொண்ட முழு விளையாட்டு வரை இவை பல அளவுகளில் உள்ளன. ஒரு மாற்றுப்பொதியை நிறுவுவது எளிது. ஒரே பொருளை மாற்ற முனையும் பல பொதிகளுக்கிடையே எதன் மாற்றம் நிலைக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதே மேலாண்மையின் முதன்மைப் பணியாகும். இதில் நேரும் பிழை, பல நூறு மணிநேரம் விளையாடிச் சேமித்த ஆட்டத்தைப் பயனற்றதாக்கக்கூடும்.

வரலாறு

இத்தொடரை வெளியிடும் பெதெஸ்தா நிறுவனம், 2002 இல் வெளியான மோரோவின்ட் விளையாட்டுடன் அதன் உலகை மாற்றியமைக்கும் கருவியையும் வழங்கியது. ஸ்கைரிம் 2011 நவம்பர் 11 அன்று வெளியானது. அதற்கான கிரியேஷன் கிட் என்னும் உருவாக்கக் கருவி 2012 பெப்ரவரியில் இலவசமாக வெளியிடப்பட்டது.

முதற்பதிப்பு 32-பிட் மென்பொருளாதலால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்த இயலவில்லை. பெரிய படக்கோப்புகளைக் கொண்ட மாற்றுப்பொதிகளைச் சேர்த்தவர்கள் அடிக்கடி ஆட்டம் நின்றுபோவதை எதிர்கொண்டனர். 2016 அக்டோபர் 28 அன்று வெளியான சிறப்புப் பதிப்பு 64-பிட் மென்பொருளாக அமைந்து இக்குறையை நீக்கியது. எனினும் முதற்பதிப்புக்கான பொதிகள் பலவற்றைச் சிறப்புப் பதிப்பில் அப்படியே பயன்படுத்த இயலாது. எனவே ஒரு பொதி எப்பதிப்புக்கு உரியது என்பதைப் பதிவிறக்கும் முன்னரே அறிதல் வேண்டும்.

கோப்பு வகைகள்

மாற்றுப்பொதியில் பொதுவாக இருவகைக் கோப்புகள் இருக்கும்.

செருகுநிரல்கள்: விளையாட்டின் தரவுப் பதிவுகளைச் சேர்க்கும் அல்லது மாற்றும் கோப்புகள். ஈஎஸ்எம் என முடிபவை பிற செருகுநிரல்கள் சார்ந்திருக்கத்தக்க முதன்மைக் கோப்புகள். ஈஎஸ்பி என முடிபவை வழக்கமான செருகுநிரல்கள். ஈஎஸ்எல் என முடிபவை சிறப்புப் பதிப்பில் பின்னர் அறிமுகமான இலகு செருகுநிரல்கள்.

வளக்கோப்புகள்: உருவ வடிவங்கள், மேற்பரப்புப் படங்கள், ஒலிகள், ஸ்கிரிப்ட் எனப்படும் சிறு நிரல்கள் ஆகியன. இவை தனிக்கோப்புகளாகவோ பிஎஸ்ஏ என்னும் தொகுப்புக் கோப்பினுள்ளோ இருக்கலாம். இரண்டும் இருப்பின் தனிக்கோப்பே பயன்படுத்தப்படும்.

ஒவ்வொரு தரவுப் பதிவுக்கும் எட்டு இலக்கப் பதினறும எண் ஒன்று உண்டு. அதன் முதலிரு இலக்கங்கள் அப்பதிவு எச்செருகுநிரலுக்கு உரியது என்பதைக் குறிக்கும். இதனாலேயே செருகுநிரல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு ஏற்படுகிறது. சிறப்புப் பதிப்பில் முழுச் செருகுநிரல்கள் 254 வரை இயங்கலாம். இலகு செருகுநிரல்கள் அனைத்தும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்வதால் 4096 வரை சேர்க்கலாம்.

நிறுவும் முறை

தொடக்க காலத்தில் பதிவிறக்கிய கோப்புகளை விளையாட்டின் டேட்டா என்னும் கோப்புறையினுள் பயனரே படியெடுத்து இடுவது வழக்கம். இம்முறையில் ஒரு பொதியின் கோப்பு மற்றொன்றின் கோப்பை மேலெழுதினால், முந்தைய கோப்பு அழிந்துவிடும். பின்னர் எக்கோப்பு எங்கிருந்து வந்தது என அறிவதும் கடினம். இதைத் தவிர்க்க மேலாண்மை மென்பொருள்கள் உருவாக்கப்பட்டன.

மோட் ஆர்கனைசர் 2 என்னும் மென்பொருள் ஒவ்வொரு பொதியையும் தனிக்கோப்புறையில் வைத்து, ஆட்டம் இயங்கும்போது மட்டும் அவையனைத்தும் டேட்டா கோப்புறையில் இருப்பதுபோல் தோற்றுவிக்கிறது. விளையாட்டின் மூலக்கோப்புகள் மாறுவதில்லை. நெக்சஸ் மோட்ஸ் இணையத்தளம் வெளியிட்ட வோர்டெக்ஸ், பொதிகளை வேறிடத்தில் வைத்து டேட்டா கோப்புறையுடன் இணைப்புகள் வழியாகத் தொடர்புபடுத்துகிறது. இரண்டிலும் ஒரு பொதியை நீக்கினால் அதன் கோப்புகள் மட்டுமே நீங்கும்.

நிறுவும்போது பின்வருவன பொதுவாக அறிவுறுத்தப்படுகின்றன.

1. விண்டோஸ் பாதுகாக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்கு வெளியே விளையாட்டை நிறுவுதல்.
2. மாற்றமேதுமின்றி ஒருமுறை ஆட்டத்தை இயக்கிப் பார்த்தல்.
3. பொதியின் விளக்கப் பக்கத்தை முழுமையாகப் படித்து, அது வேண்டும் பிற பொதிகளை முதலில் நிறுவுதல்.
4. ஒன்றிரண்டு பொதிகளை மட்டும் சேர்த்து, சோதித்த பின்னரே அடுத்தவற்றைச் சேர்த்தல்.

ஒரு செருகுநிரல் சார்ந்திருக்கும் முதன்மைக் கோப்பு இல்லையெனில் ஆட்டம் தொடங்கும்போதே நின்றுவிடும். மேற்பரப்புப் படம் கிடைக்காத பொருள்கள் ஊதா நிறத்தில் தெரியும். உருவ வடிவம் கிடைக்காத இடத்தில் வியப்புக்குறியுடன் கூடிய சிவப்பு முக்கோணம் தோன்றும். இவ்வடையாளங்கள் பிழையின் வகையை அறிய உதவுகின்றன.

ஏற்றவரிசையும் முரண்பாடும்

செருகுநிரல்கள் ஏற்றப்படும் ஒழுங்கு ஏற்றவரிசை எனப்படும். ஒரே பதிவை இரு செருகுநிரல்கள் மாற்றினால், பின்னர் ஏற்றப்படுவதே நிலைக்கும் என்பது அடிப்படை விதி. இவ்விதி பதிவின் ஒரு கூறுக்கு மட்டுமன்றி முழுப் பதிவுக்கும் பொருந்தும்.

எடுத்துக்காட்டாக, விளையாட்டின் இரும்பு வாளுக்குத் தாக்குவலு 7, எடை 9 ஆகும். முதற்பொதி தாக்குவலுவை 9 ஆக உயர்த்துகிறது. இரண்டாம் பொதி எடையை மட்டும் 6 ஆகக் குறைக்கிறது. இரண்டாவது பின்னர் ஏற்றப்பட்டால், வாளின் எடை 6 ஆகும். ஆனால் தாக்குவலு மீண்டும் 7 ஆகிவிடும். இரண்டாம் பொதியின் ஆசிரியர் தாக்குவலுவைத் தொடவில்லையாயினும், அவரது பதிவில் பழைய மதிப்பு இருப்பதே காரணம். வரிசையை மாற்றினால் எடை 9 ஆகும். எவ்வரிசையிலும் இரு மாற்றங்களும் ஒன்றாகக் கிட்டா. தாக்குவலு 9, எடை 6 எனக் கொண்ட மூன்றாவது இணக்கப்பொதியை இறுதியில் ஏற்றுவதே தீர்வு.

லூட் என்னும் மென்பொருள், பயனர்கள் தொகுத்த விதிகளைக் கொண்டு செருகுநிரல்களைத் தானே வரிசைப்படுத்துகிறது. எனினும் பயனர் எந்த மாற்றத்தை விரும்புகிறார் என்பதை அது அறியாது. எக்ஸ்எடிட் என்னும் கருவி, ஒரே பதிவின் வெவ்வேறு வடிவங்களை அருகருகே காட்டி, இணக்கப்பொதி உருவாக்கவும் உதவுகிறது. தனிக்கோப்புகளாக உள்ள வளக்கோப்புகளின் முரண்பாடு செருகுநிரல்களின் வரிசையைச் சாராதது. அதனை மேலாண்மை மென்பொருளில் தனியாக ஒழுங்குபடுத்த வேண்டும்.

சேமித்த ஆட்டங்கள்

சேமிப்புக் கோப்பில் கதாபாத்திரத்தின் நிலை மட்டுமன்றி, இயங்கிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டுகளின் நிலையும் பதிவாகிறது. ஆகவே ஒரு பொதியைக் கணினியிலிருந்து நீக்கினாலும் அதன் தடயங்கள் சேமிப்பில் எஞ்சியிருக்கும். இதன் விளைவு உடனே தெரியாமல், பல மணிநேர ஆட்டத்துக்குப் பின் வெளிப்படலாம். படங்களை மட்டும் மாற்றும் பொதிகளை இடையில் நீக்குவதால் பொதுவாகத் தீங்கில்லை. ஸ்கிரிப்டுகளைக் கொண்டவற்றை இடையில் நீக்கலாகாது. நீக்க நேரின், அப்பொதியைச் சேர்ப்பதற்கு முந்தைய சேமிப்புக்குத் திரும்புவதே பாதுகாப்பானது. புதிய பொதியைச் சேர்க்கும் முன் தனியாக ஒரு சேமிப்பை வைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுவது இதனாலேயே ஆகும்.

விளையாட்டின் புதுப்பிப்புகளும் சிக்கலை உண்டாக்குகின்றன. எஸ்கேஎஸ்ஈ என்னும் ஸ்கிரிப்ட் விரிவாக்கி விளையாட்டின் குறிப்பிட்ட பதிப்புடன் மட்டுமே இயங்கும். 2021 நவம்பர் 11 அன்று வெளியான புதுப்பிப்புக்குப் பின், அதனைச் சார்ந்த பல பொதிகள் மீண்டும் உருவாக்கப்படும் வரை இயங்கவில்லை.

உரிமையும் கட்டணமும்

மாற்றுப்பொதிகள் பெரும்பாலும் ஊதியமின்றி உருவாக்கப்படுபவை. 2015 ஏப்ரல் 23 அன்று வால்வ், பெதெஸ்தா ஆகிய நிறுவனங்கள் ஸ்டீம் தளத்தில் பொதிகளை விற்கும் திட்டத்தைத் தொடங்கின. விற்பனைத் தொகையில் 25 விழுக்காடு ஆக்குநருக்கு உரியதாக இருந்தது. கடும் எதிர்ப்பினால் ஏப்ரல் 27 அன்றே அது கைவிடப்பட்டது. 2021 இல் நெக்சஸ் மோட்ஸ், தளத்தில் இட்ட கோப்புகளை ஆக்குநர்கள் நிலையாக அழிக்க முடியாதவாறு விதியை மாற்றியபோது, சிலர் தம் படைப்புகளை முன்னதாகவே நீக்கிக்கொண்டனர். தம் படைப்பின் மீது ஆக்குநருக்குள்ள உரிமையும், அதனைச் சார்ந்து ஆட்டத்தை அமைத்துக்கொண்ட பயனரின் தேவையும் இங்கு எதிரெதிராக நின்றன.

குறிப்பிடத்தக்க படைப்புகள்

ஜெர்மனியின் ஷூர்ஏஐ குழுவினர் 2016 இல் வெளியிட்ட எண்டெரல், தனி உலகையும் கதையையும் கொண்டது. 2015 இல் வெளியான தி ஃபர்காட்டன் சிட்டி, 2016 இல் ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்க விருதைப் பெற்றது. பின்னர் 2021 இல் அது தனி விளையாட்டாக மீண்டும் உருவாக்கப்பட்டு வெளியானது.