ஹாங்சோவின் பறந்து வந்த மலை: தலை போன சிலைகள் யாருடையவை?

போன பதிவுல ஷாங்காய் பத்திப் பேசினப்போ, "அங்கிருந்து ஒரே நாள்ல போய்ட்டு வர்ற மாதிரி ஒரு இடம் சொல்லுங்க"ன்னு சிலர் கேட்டிருந்தீங்க. இன்னைக்கு அதுதான். அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஹாங்சோ. அங்கே ஊருக்கு மேற்கே, மேற்கு ஏரியைத் தாண்டி, ஒரு சின்னக் குன்று. சீனத்தில் அதன் பெயர் ஃபெய்லாய் ஃபெங். அப்படியே தமிழில் சொன்னால் 'பறந்து வந்த சிகரம்'.

எங்கிருந்து பறந்து வந்ததுன்னா, இந்தியாவிலிருந்து!

கதை இதுதான். கி.பி. 326ல் ஹுய்லி என்று சீனர்கள் அழைக்கும் இந்தியத் துறவி ஒருவர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறார். குன்றைப் பார்த்ததும் திகைத்துப் போய், "இது எங்க ஊர் கழுகுமலையோட ஒரு துண்டாச்சே, இங்கே எப்ப பறந்து வந்தது?" என்கிறார். கழுகுமலைன்னா நம்ம கோவில்பட்டிப் பக்கத்துக் கழுகுமலை இல்லைங்க. பிஹாரில் ராஜகிருகத்துக்கு அருகே இருக்கும் கிருத்ரகூடம். புத்தர் போதனை செய்த இடம். யாரும் நம்பவில்லை. "அந்த மலைக் குகையில குரங்குகள் உண்டு, கூப்பிட்டா வரும்" என்று சொல்லிக் குரல் கொடுத்தாராம். குரங்குகள் வெளியே வந்தனவாம். குரங்கை அழைத்த குகை என்று இன்றைக்கும் ஒரு குகைக்குப் பெயர் இருக்கிறது. ஹுய்லி அங்கேயே தங்கி நிறுவியதுதான் எதிரில் உள்ள லிங்யின் கோயில்.

கதையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்தக் குன்று கொஞ்சம் வித்தியாசமானதுதான். சுற்றியுள்ள மலைகள் எல்லாம் மணற்பாறை. இது மட்டும் சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்துக் குகையும் பொந்துமாக ஆக்கியிருக்கிறது. ஒரு குகைக்குள் நின்று மேலே பார்த்தால் பாறை இடுக்கில் நூல் மாதிரி வானம் தெரியும். அதனால் எந்தக் காலத்து மனுஷன் பார்த்தாலும் "இது இந்த ஊர்க் கல் இல்லையே"ன்னு தோணத்தான் செய்யும். இதில் வேடிக்கை என்னன்னா, ராஜகிருகத்து மலைகள் குவார்ட்சைட் என்கிற வேற வகைப் பாறை. நிலவியலாளரைக் கேட்டால் ஹுய்லி கட்சி அங்கேயே தோற்றுவிடும்.

இன்னொரு கதையும் உண்டு. ஜிகோங் என்று ஒரு கிறுக்குச் சாமியார். நிஜமாகவே வாழ்ந்தவர், 1209ல் இறந்தார், லிங்யின் கோயிலில் துறவறம் ஏற்றவர், கறியும் கள்ளுமாகத் திரிந்தவர். ஒரு நாள் மலை ஒன்று பறந்து வந்து கிராமத்தின் மேல் விழப்போகிறது என்று அவருக்குத் தெரிகிறது. சொன்னால் யார் கேட்பார்கள்? கல்யாண வீட்டுக்குள் புகுந்து மணப்பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாராம். ஊரே அடிக்கத் துரத்தி வந்தது. எல்லோரும் ஊரைத் தாண்டிய பிறகு மலை தொப்பென்று விழுந்தது. மறுபடி பறந்து போய்விடக் கூடாது என்று அதன் மேல் சிலைகளைச் செதுக்கி அழுத்தி வைத்தார்களாம்.

சரி, அந்தச் சிலைகளுக்கு வருவோம். இந்தப் பதிவே அதுக்காகத்தான்.

வர்றவங்க பெரும்பாலும் என்ன செய்றாங்கன்னா, ஓடைக் கரையில் இருக்கும் சிரிக்கும் புத்தர் முன்னால் ஒரு படம், அப்புறம் நேரே லிங்யின் கோயில், ஊதுவத்தி, கிளம்பிடுறாங்க. கோயில் பழைமையானதுதான். ஆனால் நீங்கள் அங்கே பார்க்கிற கட்டடங்கள் பலமுறை அழிந்து எழுந்தவை. பிரதான மண்டபத்தின் பெரிய புத்தர் 1956ல் 24 கற்பூர மரத் துண்டுகளால் செய்யப்பட்டவர். வழிபட வருகிறவருக்கு அது போதும். பழசைப் பார்க்க வருகிறவர் ஓடைக்கு இந்தப் பக்கம், குன்றின் பக்கம்தான் நிற்கணும். குகைகளுக்குள்ளும் ஓடைப் பாறையிலுமாக 300க்கும் மேற்பட்ட சிற்பங்கள். 10ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டு வரை செதுக்கியவை.

நுழைந்ததும் ஆறு பட்டைகளோடு ஒரு கல் கோபுரம் வரும். அது ஹுய்லியின் நினைவுக்கானது. விழுந்துபோய் 1590ல் திரும்பக் கட்டியது. அதன் பக்கத்துக் குகைகளில்தான் பழைய சிற்பங்கள். 951ல் செதுக்கிய அமிதாபரும் அவருக்கு இருபுறமும் போதிசத்துவர்களும் இருக்கிறார்கள். அளவில் சின்னவை, அவசரத்தில் தவறவிடுவீங்க. குகை வாசலில் ஒரு புடைப்புச் சிற்ப வரிசை இருக்கு, அதைக் கண்டிப்பா தேடிப் பாருங்க. இந்தியாவுக்குப் போய் நூல்களைக் கொண்டுவந்த யுவான் சுவாங், சீனத்துக்கு முதலில் புத்த மதத்தைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் காசியப மாதங்கர், கூடவே நூல்களைச் சுமந்த வெள்ளைக் குதிரை. மலை பறந்து வந்ததோ இல்லையோ, இங்கேயும் அங்கேயுமாக மனுஷங்க நடந்தது இந்தச் சுவரில் இருக்கு.

ஓடைக்குப் போனால் அந்தச் சிரிக்கும் மனிதர். தொப்பையும் மூட்டையுமாகச் சாய்ந்திருக்கிறார், சுற்றிலும் பதினெட்டு அர்ஹத்துகள். 12, 13ஆம் நூற்றாண்டு, தென் சோங் காலத்து வேலை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இவர் புத்தர் இல்லை. புடாய் என்ற துறவி. இதே ஜெஜியாங் மாகாணத்துக்காரர், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்தார். 'புடாய்' என்றாலே துணி மூட்டை என்றுதான் அர்த்தம். வரப்போகும் புத்தரான மைத்ரேயரின் அவதாரம் இவர் என்று மக்கள் நம்பினார்கள். நம்ம ஊர்க் கடைகளில் கல்லாப்பெட்டி மேல இவரை வெச்சு 'குபேர பொம்மை'ன்னு சொல்றோம் இல்லையா? உண்மையான குபேரனும் இதே மலையில இருக்கார்! சிங்கத்தின் மேல் ஏறி, கவசம் அணிந்து உட்கார்ந்திருக்கும் வைஸ்ரவணன். வைஸ்ரவணன் என்பது குபேரனின் இன்னொரு பெயர்தானே. தொப்பைச் சிரிப்பெல்லாம் கிடையாது, முறைப்புதான்.

அந்தக் குபேரனின் ஆண்டு 1292. இந்த ஆண்டுதான் நம்மைக் கதையின் இருட்டான பக்கத்துக்குக் கொண்டுபோகிறது.

ஹாங்சோ அப்போது சாதாரண ஊர் இல்லை, தென் சோங் பேரரசின் தலைநகர். 1276ல் குப்லாய் கானின் படையிடம் அது வீழ்ந்தது. அடுத்த ஆண்டே தென்பகுதியின் பௌத்த விவகாரங்களைக் கவனிக்க குப்லாய் ஒரு துறவியை நியமித்தார். பெயர் யாங் லியன்ஜென்ஜியா, தங்குட் இனத்தவர், திபெத்திய பௌத்த வழியைச் சேர்ந்தவர். பக்கத்து ஊரான ஷாவ்சிங்கில் இருந்த சோங் பேரரசர்களின் கல்லறைகளை இவர் தோண்டினார். உள்ளே இருந்த பொக்கிஷம் போனது. லிசோங் பேரரசரின் மண்டை ஓட்டைக் குடிக்கும் கிண்ணமாக ஆக்கினார்கள். மற்ற எலும்புகளைப் பழைய அரண்மனை இடத்தில் எழுப்பிய தூபியின் அடியில் போட்டதாகச் சொல்கிறார்கள். சில படித்த மனிதர்கள் ராத்திரியோடு ராத்திரியாக எலும்புகளை மாற்றி எடுத்துப் புதைத்து, அடையாளத்துக்கு மேலே மரம் நட்டார்கள் என்றும் ஒரு வழக்கு உண்டு. அந்த மண்டை ஓடு நூறு ஆண்டுகளுக்கு அருகில் கை மாறிக் கிடந்து, மிங் வம்சத்தின் முதல் பேரரசர் காலத்தில்தான் திரும்ப அடக்கம் செய்யப்பட்டது.

இதே யாங்தான் இந்த ஓடைப் பாறையில் சிலைகள் செதுக்கவைத்த முக்கியப் புரவலர். 1282 முதல் 1292 வரை ஆண்டு பொறித்த சிற்பங்கள் இங்கே இருக்கின்றன. 1289ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அவரைப் புகழ்கிறது. திபெத்திய பாணியில் ஒடுங்கிய இடை, உயர்ந்த மகுடம், சில உக்கிர முகங்கள். சீன நிலத்தின் தென்பகுதியில் திபெத்திய பாணிக் கற்சிற்பம் இவ்வளவு ஒரே இடத்தில் பார்ப்பது அபூர்வம். அழகு என்று பார்த்தால், என் கணக்கில் மலையிலேயே நேர்த்தியான வேலை இதுதான். ஹாங்சோக்காரனுக்கு இது அழகாகத் தெரிந்திருக்காது. தாத்தாவின் கல்லறையைத் தோண்டினவன் தன் சாமியைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் செதுக்கினான் என்றுதான் தெரிந்திருக்கும்.

அந்தக் கோபம் ஆறவே இல்லை. 1543ல் ஹாங்சோவின் ஆட்சியர் சென் ஷிசியன், இங்கே யாங்கும் அவர் கூட்டாளிகளும் சிலையாக இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மூன்று சிலைகளின் தலையை வெட்ட ஆணையிட்டார். குற்றவாளியைப் போல அந்தத் தலைகளைக் காட்சிக்கு வைத்தார்கள். யாங் செத்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, கல்லுக்கு மரண தண்டனை!

அடுத்து 1624. எழுத்தாளர் ஜாங் தாய் படிப்பதற்காக இந்தப் பக்கம் தங்கியிருந்தபோது, பெண்கள் சூழ உட்கார்ந்திருக்கும் ஒரு உருவத்தைப் பாறையில் பார்க்கிறார். இது யாங் என்று முடிவுகட்டித் தலையை உடைத்துக் கழிப்பறைக் குழியில் போடுகிறார். முதலில் பதறிய துறவிகள், யாருடைய சிலை என்று கேட்டதும் மகிழ்ந்தார்களாம். அவரே பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்.

இங்கதான் எனக்கு ஒரு கேள்வி. 1543லேயே யாங்கின் தலையை வெட்டியாச்சு. அப்ப 1624ல் ஜாங் தாய் உடைச்சது யாரை? ஒவ்வொரு தலைமுறைக்கும் உடைக்க ஒரு யாங் தேவைப்பட்டிருக்கிறார், தேடினவங்க கண்டுபிடிச்சிருக்காங்க. மேலாடையில்லாத, தாடி வைத்த, சீன முகமில்லாத எந்த உருவமும் அவராகிவிட்டது. யாங் என்று நெடுநாள் கைகாட்டப்பட்ட ஒரு சிற்பத்தை இன்றைய ஆய்வாளர்கள் விரூபர் என்று அடையாளம் காண்கிறார்கள். விரூபர் யார் தெரியுமா? இந்தியாவின் தாந்திரிகச் சித்தர், திபெத்திய சாக்கிய மரபு தன் போதனைகளின் மூலமாகக் கருதுபவர். பெண்கள் பரிமாற உட்கார்ந்து மது அருந்துபவராக அவரைக் காட்டுவது அந்த மரபின் வழக்கம். அது தெரியாத கண்ணுக்கு, கொள்ளைக்காரன் கூத்தடிக்கிற மாதிரித்தான் இருக்கும்.

இந்தியாவிலிருந்து பறந்து வந்தது என்று ஊரே கொண்டாடிய மலையில், இந்தியாவிலிருந்து வந்த ஒரு சித்தரை அந்நியக் கொள்ளையன் என்று பழித்திருக்கிறார்கள். ஹுய்லி தனியாளாக நடந்து வந்தார், அவருக்குக் கோபுரம். விரூபர் படையெடுத்தவர்களோடு வந்தார், அவருக்கு வசவு. அந்த மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். அரசனின் எலும்பையே விடாதவர்களிடம் சிற்ப இலக்கணம் கேட்டுத் தெரிஞ்சுக்கோன்னு யார் சொல்ல முடியும்? ஆனால் வழிகாட்டிகள் சிலர் இன்றும் உடைந்த முகம் எல்லாவற்றையும் ஒரே வரியில் ஒரே காரணத்துக்குத் தள்ளிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. மழை அரித்தது உண்டு, கை உடைத்தது உண்டு, பிறகு ஒட்டவைத்த புதுத் தலையும் உண்டு. கழுத்தில் கல்லின் நிறம் மாறுகிறதா என்று பாருங்க, சில இடத்தில் உங்களுக்கே தெரியும்.

1966ல் கலாசாரப் புரட்சியின்போதும் இந்த இடம் அழிவின் விளிம்புக்குப் போனது. செங்காவலர்கள் வந்தபோது உள்ளூர் மாணவர்களே குறுக்கே நின்றார்கள். பிரதமர் சௌ என்லாய் கோயிலை மூடிப் பாதுகாக்கச் சொன்னார். யாங் செதுக்கவைத்த சிலைகளும் அதில் தப்பின.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கோயிலில் ஊதுவத்தி ஏற்றப் பெருங்கூட்டம் வரும். அதனால் காலையில் சீக்கிரம் போங்க, மலைக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்க. குகைத் தரை ஈரமாக வழுக்கும். கையில் சின்ன டார்ச் இருந்தால் பழைய சிற்பங்கள் பிடிபடும், ஆனால் தொடாதீங்க. கட்டணமும் முன்பதிவு விதியும் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்க.

நேரம் மிச்சமிருந்தால் குன்றைச் சுற்றித் தெற்கே போகும் சாலையில் நடங்க. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கோயில்கள், பக்கத்தில் தேயிலைத் தோட்டம். அவற்றின் பெயர் கீழ், நடு, மேல் தியன்சூ. தியன்சூ என்பது பழைய சீனத்தில் இந்தியாவின் பெயர். மேல் தியன்சூ வரை நடந்தால் திரும்ப பஸ் பிடிச்சுக்கலாம்.

அடுத்த பதிவில் பேசுவோம். வணக்கம்.