கடல்நீர் மீன்தொட்டியில் தோல் நோய்கள்: பொட்டைப் பார்த்ததும் மருந்தை ஊற்றாதீர்கள்

கடல் வண்ணமீன் வளர்ப்பு நம் கரையோர மாவட்டங்களுக்குப் புதிதல்ல. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் கோமாளி மீன் குஞ்சு உற்பத்தியில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகின்றன. இன்று சிறு கூடங்களில் கோமாளி மீன் வளர்த்து விற்போரும், வீட்டில் ஓரிரு தொட்டிகள் வைத்திருப்போரும் பெருகிவிட்டார்கள். இவர்களிடமிருந்து எங்களுக்கு வரும் வாட்ஸ்அப் படங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுமந்து வருகின்றன: "மீன் மேல வெள்ளையா இருக்கு, என்ன மருந்து போடலாம் சார்?"

வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒரே நோய் அல்ல. உப்புக்கல் போன்ற வெள்ளை, மாவு தூவியது போன்ற வெள்ளை, சளி படர்ந்த வெள்ளை என்று மூன்று உண்டு. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. முதலாவதற்குப் பலன் தரும் சிகிச்சை இரண்டாவதற்குப் பலிக்காது. மூன்றாவதற்குத் தவறான மருந்தைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தால் தொட்டியில் மீன் இருக்காது.

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே வெள்ளைப்புள்ளி வந்தால் கல் உப்பு போடுவோம். கடல்நீர்த் தொட்டியில் நிலைமை தலைகீழ். இங்கே உப்பைக் குறைப்பதுதான் சிகிச்சை. நன்னீரே சில நோய்களுக்கு மருந்து.

உப்புக்கல் போன்ற பொட்டுகள்

துடுப்பிலும் உடலிலும் தூள் உப்பு ஒட்டியது போல், எண்ணிவிடக்கூடிய தனித்தனிப் பொட்டுகள் தெரிந்தால் அது கடல் வெள்ளைப்புள்ளி நோய். கிரிப்டோகேரியான் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி இதற்குக் காரணம். மீன் கல்லில் உடலை உரசும், துடுப்பை ஒடுக்கிக்கொள்ளும்.

இந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மீனின் தோலுக்குள் அது 3 முதல் 7 நாள் வரை இருந்து தின்று வளர்கிறது. பிறகு தானாகவே உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஓர் உறைக்குள் அடங்கிக்கொள்கிறது. அந்த உறைக்குள் பல நூறாகப் பிரியக்கூடும். சில நாட்களிலோ பல வாரங்கள் கழித்தோ உறை உடைந்து, நீந்தும் குஞ்சுகள் வெளிவருகின்றன. இவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையேல் இறந்துவிடும்.

தோலுக்குள் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் மருந்து தொடாது. நீந்தும் குஞ்சை மட்டுமே கொல்லும். ஐந்தாம் நாள் பொட்டுகள் மறைந்ததும் "மருந்து கேட்டுவிட்டது" என்று நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் மருந்தே போடாமல் இருந்தாலும் அந்தப் பொட்டுகள் மறைந்திருக்கும், ஏனெனில் ஒட்டுண்ணி உதிரும் நாள் அது. அடுத்த சுற்றில் பத்துப் பொட்டு இருந்த இடத்தில் நூறு வரும். செவுளிலும் வரும். மீன் சாவது அந்தச் சுற்றில்தான்.

மீன்களை எல்லாம் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். மணலும் கல்லும் வேண்டாம், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள் போதும். அங்கே உப்பளவைக் குறைக்கலாம், அல்லது செம்பு கொடுக்கலாம்.

உப்பளவு முறை: வழக்கமான 33-35 பிபிடி உப்பளவை இரண்டு, மூன்று நாளில் படிப்படியாக 15-க்குக் குறைத்து, கடைசிப் பொட்டு மறைந்த பிறகு மூன்று, நான்கு வாரம் அதே அளவில் வைத்திருங்கள். 20 பிபிடியில் நிறுத்தினால் பயனில்லை. மிதவை உப்புமானியை நம்பாதீர்கள், ரிஃப்ராக்டோமீட்டர் கட்டாயம் தேவை. உப்புக் குறையும்போது கார அமிலத்தன்மையும் இறங்கும், சமையல் சோடாவால் சரிசெய்யுங்கள். திரும்ப ஏற்றும்போது அவசரமே கூடாது, ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புக் குறைவதை மீன் தாங்கும், சட்டென்று ஏறுவதைத் தாங்காது.

செம்பு முறை: நம் விவசாயிகளுக்குத் தெரிந்த மயில்துத்தம்தான், ஆனால் உரக்கடையில் கிடைப்பதில் கலப்படம் இருக்கலாம். ஆய்வகத் தரமுள்ளதை வாங்குங்கள். 8 கிராம் மயில்துத்தத்தை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், அதன் ஒவ்வொரு மில்லியிலும் ஏறத்தாழ 2 மில்லிகிராம் செம்பு இருக்கும். 100 லிட்டர் தொட்டிக்கு இந்தக் கரைசலில் 10 மில்லி விட்டால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் கிடைக்கும். முதல் நாள் பாதி, மறுநாள் மீதி என்று கொடுங்கள். 0.15-க்குக் கீழே போனால் ஒட்டுண்ணி பிழைக்கும், 0.2-க்கு மேலே போனால் மீன் துன்பப்படும். ஆகவே செம்புச் சோதனைப் பெட்டி இல்லாமல் இந்தச் சிகிச்சையைத் தொடங்கவே வேண்டாம். நாள்தோறும் இருமுறை அளந்து, குறைந்ததை மட்டும் ஈடுசெய்து, மூன்று வாரம் நடத்துங்கள். பவளக் கல்லும் சிப்பி மணலும் செம்பை உறிஞ்சிவிடும் என்பதால்தான் வெறும் தொட்டி என்றேன். கடைகளில் விற்கும் பிணைப்புச் செம்பு மருந்துகளின் அளவு வேறு, அவற்றுக்குச் சீட்டில் உள்ளபடியே நடக்க வேண்டும்.

கடல் சாமந்தி, இறால், நத்தை இருக்கும் முதன்மைத் தொட்டியில் செம்பை விடாதீர்கள், அவை செத்துவிடும். உப்பைக் குறைத்தாலும் இதே கதிதான். அந்தத் தொட்டியை மீன் இல்லாமல் 10 முதல் 11 வாரம் விட்டுவைத்தால், பிடிக்க மீன் இல்லாமல் ஒட்டுண்ணி அழிந்துவிடும்.

மாவு தூவியது போன்ற படலம்

பொட்டுகளை எண்ண முடியாது. மஞ்சள் கலந்த மென்தூள் படிந்தது போல் இருக்கும். அறையை இருட்டாக்கி, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் மீன் மேல் அடித்துப் பார்த்தால் தெரியும். இது வெல்வெட் நோய், அமைலூடினியம் என்ற உயிரியால் வருவது. பெரும்பாலும் தோலுக்கு முன் செவுளைத் தாக்கும். நேற்று வரை தின்ற மீன் இன்று இரை எடுக்காமல், தண்ணீர் விழும் இடத்திலேயே முகத்தை வைத்து வேகமாக மூச்சு வாங்கினால், தூள் தெரிகிறதா என்று காத்திருக்காதீர்கள். ஓரிரு நாளில் தொட்டியே காலியாகும்.

உப்பளவு குறைப்பது இதற்குப் பலிக்காது. உவர்நீரிலும் அது வாழும். முதலில் நன்னீர்க் குளியல், அடுத்துத் தனித் தொட்டியில் மேலே சொன்ன செம்புச் சிகிச்சை. குறைந்தது இரண்டு வாரம் நடத்துங்கள்.

நன்னீர்க் குளியலுக்குக் குளோரின் நீக்கிய நீரை எடுத்து, தொட்டி நீரின் வெப்பத்துக்கும் கார அமிலத்தன்மைக்கும் சமன்செய்து, காற்றுக் கல் போட்டு, 3 முதல் 5 நிமிடம் மீனை விடுங்கள். மீன் சாய்ந்து கிடந்தாலோ துள்ளினாலோ நேரம் பார்க்காமல் எடுத்துவிடுங்கள்.

சளி படர்ந்த கோமாளி மீன்

கடலிலிருந்து பிடித்து வந்த கோமாளி மீன்களில் அதிகம் பார்ப்பது இது. தலையில் தொடங்கி வெண்மையான சளி ஏடு படர்ந்து, தோல் உரிந்தது போல் தொங்கும். புரூக்கினெல்லா என்ற ஒட்டுண்ணி காரணம். இதற்கு உறைநிலை கிடையாது, மீன் மேலேயே இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும். அதனால்தான் இவ்வளவு வேகம். செம்பு இதற்கு நம்பத்தக்க மருந்தல்ல.

ஃபார்மலின் குளியலே வழி. 10 லிட்டர் கடல்நீருக்கு 37 சதவீத ஃபார்மலின் 1.5 மில்லி, பலமான காற்றோட்டத்துடன் 30 முதல் 45 நிமிடம். குளியலுக்குப் பின் மீனைப் பழைய தொட்டிக்கு விடாமல், சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். தேவையானால் ஒரு நாள் விட்டு மீண்டும் கொடுக்கலாம். கையுறை அணியுங்கள், திறந்த வெளியில் செய்யுங்கள், ஆவியை முகராதீர்கள், அது புற்றுநோய் ஊக்கி. பாட்டிலின் அடியில் வெள்ளை வண்டல் கட்டியிருந்தால் அந்த மருந்து மீனுக்கு நஞ்சு.

மற்றவை

துடுப்பு நுனியில் காலிஃபிளவர் பூ போலக் கட்டிகள் இருந்தால் அது லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ். மருந்து கிடையாது, தேவையும் இல்லை. நல்ல தண்ணீர், நல்ல தீனி, சில வாரங்களோ மாதங்களோ பொறுமை. கத்தரித்து எடுக்க வேண்டாம்.

கண் மங்கி, மீன் உரசிக்கொண்டே இருந்தும் பொட்டு தெரியாவிட்டால் தட்டைப்புழுவைச் சந்தேகியுங்கள். உயிரோடு இருக்கையில் கண்ணாடி போல் இருக்கும் அது நன்னீர்க் குளியலில் வெளுத்து, எள் போல உதிரும். முட்டை சாகாது, ஆகவே மீனை வேறு தொட்டிக்கு மாற்றி, ஒரு வாரம் கழித்து மீண்டும் குளியல் கொடுங்கள்.

வலையில் அடிபட்டு வந்த சிவந்த புண்ணும் துடுப்பு அழுகலும் பெரும்பாலும் விப்ரியோ போன்ற பாக்டீரியாக்களால் வருபவை. மனிதருக்கான கேப்ஸ்யூலை உடைத்துத் தண்ணீரில் கொட்டும் பழக்கம் பரவியிருக்கிறது. புண் ஆறுவதற்கு முன் வடிகட்டியில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் செத்து, அம்மோனியா ஏறி மீன் சாகும். பூண்டுச் சாறு பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். தீனியில் கலந்தால் மீன் ஆசையாகத் தின்னலாம். ஒட்டுண்ணியை ஒழிக்கும் என்று நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

புதிதாக வாங்கும் மீனை 30 நாள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தபின் சேர்ப்பது, இந்த நோய்களில் பெரும்பாலானவற்றை வாசலிலேயே நிறுத்தும். அந்தத் தொட்டிக்கான ஸ்பாஞ்ச் வடிகட்டியை முன்கூட்டியே முதன்மைத் தொட்டியில் போட்டு ஊறவைத்திருங்கள். வலையும் வாளியும் அதற்கென்று தனியாக இருக்கட்டும்.

எது என்று பிரித்தறிய முடியாவிட்டால் நுண்ணோக்கிதான் தீர்ப்பு சொல்ல வேண்டும். தூத்துக்குடி, பொன்னேரி மீன்வளக் கல்லூரிகளை அணுகலாம். நோயுற்ற மீனை உயிரோடு ஆக்சிஜன் பையில் கொண்டு செல்லுங்கள். செத்த மீனை விட்டு ஒட்டுண்ணி விரைவில் விலகிவிடும் என்பதால் நேற்று இறந்ததைக் கொண்டு போனால் எதுவும் தெரியாது. தொட்டி நீரையும் ஒரு பாட்டிலில் தனியாக எடுத்துச் செல்லுங்கள், இதுவரை போட்ட மருந்துகளின் பெயரையும் அளவையும் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.