சீமைப் பெட்டியில் சொக்கட்டான்

2020-ம் வருஷத்தில் கொள்ளை நோய்க்கு அஞ்சித் தேசம் முழுவதும் கதவடைத்துக் கிடந்தபோது, ஜனங்கள் பொழுது போக்கிய விளையாட்டுகளில் 'லூடோ' முன்னணியில் நின்றது. மும்பைக் கம்பெனியொன்று 2016-ல் கைப்பேசிக்கென வெளியிட்ட 'லூடோ கிங்'கை எண்ணிறந்தோர் ஆடினர். அவர்களுள் எத்தனை பேர் இவ்விளையாட்டின் பிறந்தகம் எதுவென்று விசாரித்திருப்பர்? 'லூடோ' என்பது லத்தீன் சொல். 'நான் ஆடுகிறேன்' என்பது அதன் பொருள். பெயர்தான் லத்தீன், பெற்ற தாய் பாரத தேசமே.

வடநாட்டார் பச்சீசி என்பர். சோழி வீச்சில் விழும் 25 என்னும் பெரிய எண்ணிக்கையால் வந்த பெயர் அது. தமிழில் சொக்கட்டான் என வழங்கியதும் இவ்வினத்ததே. சிலுவை வடிவான துணியை விரித்து, நால்வர் இருவர் இருவராகக் கூட்டுச் சேர்ந்து ஆடுவது வழக்கம். பதேபூர் சிக்ரியில் அக்பர் சக்கரவர்த்தியின் மாளிகை முற்றத்திலேயே இக்கட்டம் கல்லில் அமைந்திருப்பதை இன்றும் காணலாம். பாரதத்துச் சூதே இது என்று சாதிப்பாரும் உண்டு. அதற்குப் போதிய ஆதாரம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. இல்லாத பழமையைக் கற்பித்துப் பெருமை தேட வேண்டிய வறுமை நமக்கு வந்துவிடவில்லை.

அமெரிக்க வியாபாரிகள் இதைப் 'பார்ச்சீசி' என்று 1874-ல் தம் வியாபாரக் குறியாகப் பதிவு செய்துகொண்டனர். 1896-ல் இங்கிலாந்தில் 'லூடோ' என்ற பெயரில் உரிமைச் சாஸனமும் பெறப்பட்டது. சோழி போயிற்று, ஆறு முகப் பகடை ஒன்று வந்தது. கூட்டாளியும் போனான், அவனவன் தன் காயைத் தானே பார்த்துக்கொள்ளும்படி ஆயிற்று. பின்னர் அதுவே அட்டைப் பெட்டியில் கப்பலேறி வந்து நம் கடைகளில் விலைக்கு நின்றது! நம் பஞ்சை ஏற்றிக்கொண்டுபோய் ஆடையாக நமக்கே விற்ற கதையைத்தான் இது நினைவூட்டுகிறது. பரமபத சோபானத்தின் வடநாட்டு உறவாகிய ஞான சௌபரும் இவ்வாறே சீமைக்குப் போய், வைகுண்டத்தை அங்கேயே விட்டுவிட்டு, வெறும் பாம்பும் ஏணியுமாகத் திரும்பியது.

பெயர் போனதைக் காட்டிலும் யுக்தி போனதே பெருநஷ்டம் என்போம். நம் வீட்டுத் திண்ணைத் தாயத்தை நோக்குக. இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமுகம் என நான்கு முகங்கள். இவை விழும் வகை பதினாறு. அவற்றுள் தாயம் இரண்டே. ஆகவே எட்டு வீச்சுக்கு ஒன்றென்றே எதிர்பார்க்கலாம். அது விழும் வரை காய் இறங்காது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு வீச்சு உண்டு. பன்னிரண்டு, ஐந்து, மூன்று என்று அடுத்தடுத்து விழுந்தால், எதை எந்தக் காய்க்குப் பகிர்வது, எவனை வெட்டுவது, எந்தக் காயை மலையில் ஏற்றிக் காப்பது என்பதெல்லாம் ஆடுவோனின் புத்தியைப் பொறுத்தவை. விதி கட்டையில், மதி கையில். இரண்டும் சரிபாதி கலந்திருப்பதனாலன்றோ பாட்டியும் பேரனும் சமமாக உட்கார்ந்து ஆட முடிகிறது? சதுரங்கத்தில் அது நடவாது. ஒற்றைப் பகடை லூடோவிலோ மதிக்கு இடம் மிகக் குறைவு.

கைப்பேசியில் ஆடுவோரை நாம் கடிந்துகொள்ளவில்லை. ஆயின் தாயத்துக்கு அச்சிட்ட விதிப்புத்தகம் எந்நாளும் வழிகாட்டியாய் இருந்ததில்லை. அது முதியோரின் வாயில் இருக்கிறது. ஊருக்கு ஊர் விதி மாறும். ஐந்து கட்டமா, ஏழு கட்டமா? ஒரு காயையேனும் வெட்டாதவன் உள்வரிசையில் நுழையலாமா? பழமான காய்க்கு மறு வீச்சு உண்டா? இவற்றுக்குத் தங்கள் ஊர் வழக்கம் இன்னதென்று சொல்லவல்ல பாட்டிமார் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். பள்ளி ஆசிரியர்கள் கோடை விடுமுறைக்கு மாணவரிடம் கொடுத்தனுப்பும் வேலைகளில் இக்கேள்விகளையும் சேர்த்து, வரும் விடைகளை ஊர்ப்பெயருடன் ஒரு நோட்டில் எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.