சிக்மா இயற்கணிதம்: அளவிடத்தக்க கணங்களின் குடும்பம்

பெங்களூருவில் 1937-இல் பிறந்த வி. எஸ். வரதராஜனும், சென்னையில் பிறந்த கே. ஆர். பார்த்தசாரதி, எஸ். ஆர். எஸ். வரதன் ஆகியோரும் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இளம் ஆய்வாளர்களாக நிகழ்தகவுக் கோட்பாட்டில் செய்த பணிகளுக்கும், அந்நிறுவனத்தின் பெங்களூரு மையத்தில் இன்று அத்துறையைப் பயில்வோரின் பாடத்துக்கும் அடித்தளமாக விளங்குவது சிக்மா இயற்கணிதம். ஒரு கணத்தின் உட்கணங்களுள் எவற்றுக்கு அளவு கூறலாம் என்பதை அது வரையறுக்கிறது.

எண்கோட்டின் எல்லா உட்கணங்களுக்கும் நீளம் கூற இயலாது. இடம்பெயர்த்தாலும் மாறாத நீளம் என்னும் கருத்துக்கு உட்படாத கணங்கள் உண்டு என்பதை இத்தாலியக் கணிதவியலாளர் வித்தாலி 1905-இல் காட்டினார். ஆகவே அளவிடத்தக்க உட்கணங்களை மட்டும் ஒரு குடும்பமாகத் திரட்ட வேண்டியதாயிற்று.

அக்குடும்பம் மூன்று விதிகளுக்கு உட்பட்டது: முழுக்கணம் அதில் இருக்க வேண்டும், ஓர் உட்கணம் இருந்தால், அதில் அடங்காத உறுப்புகளாலான நிரப்பியும் இருக்க வேண்டும், முதலாவது, இரண்டாவது என வரிசைப்படுத்தத்தக்க முடிவிலா உட்கணங்கள் இருந்தால், அவற்றின் சேர்ப்பும் இருக்க வேண்டும். முழுக்கணத்தின் நிரப்பியாதலால் வெற்றுக்கணமும், நிரப்பிகளுடைய சேர்ப்பின் நிரப்பியாதலால் அத்தகைய வரிசையின் வெட்டும் தாமே குடும்பத்தில் அமைந்துவிடுகின்றன.

பகடை உருட்டலின் 6 விளைவுகளுக்கு 64 உட்கணங்கள் உண்டு. அவை அனைத்தும் சேர்ந்தது மிகப் பெரிய சிக்மா இயற்கணிதம். விழுந்த எண் ஒற்றையா இரட்டையா என்பதை மட்டும் அறிபவருக்குரிய குடும்பமோ வெற்றுக்கணம், ஒற்றைகள், இரட்டைகள், முழுக்கணம் என்னும் நான்கே உறுப்புகள் கொண்டது. எண் மூன்றுக்கு மேற்பட்டதா என்பதை மட்டும் அறிபவருக்கும் அவ்வாறே நான்கு. இவ்விரு குடும்பங்களையும் ஒன்றாக்கினால் கிடைப்பது சிக்மா இயற்கணிதம் அன்று. ஒற்றைகளும் மூன்றுக்கு மேற்படாதவையும் வெட்டிக்கொள்ளும் 1, 3 என்னும் கணம் அதில் இல்லை. ஆனால் எத்தனை சிக்மா இயற்கணிதங்களுக்கும் பொதுவான பகுதி மீண்டும் சிக்மா இயற்கணிதமே. இப்பண்பால், எண்கோட்டின் திறந்த இடைவெளிகளை உள்ளடக்கிய மிகச் சிறிய குடும்பத்தை வரையறுக்க முடிகிறது; அது பிரெஞ்சுக் கணிதவியலாளர் பொரேலின் பெயரால் வழங்குகிறது.

ஒவ்வொரு நிகழ்ச்சியையும் விளைவுகளின் உட்கணமாகக் கொண்டு ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மகோரோவ் 1933-இல் நிகழ்தகவை இவ்வடித்தளத்தில் நிறுவியதன் வலிமை மூன்றாம் விதியில் உள்ளது. நாணயத்தை முடிவின்றிச் சுண்டினால் தலை விழும் விகிதம் பாதியை நெருங்கும் என்னும் நிகழ்ச்சி, முடிவான எண்ணிக்கையிலான சுண்டல்களால் தீர்மானிக்கப்படுவதன்று. அவ்வாறு தீர்மானிக்கப்படும் எளிய நிகழ்ச்சிகளின் முடிவிலா வரிசைகளைச் சேர்த்தும் வெட்டியுமே அது உருவாகிறது. முடிவான சேர்ப்புகளோடு விதி நின்றிருந்தால், அந்நிகழ்ச்சி குடும்பத்தில் இடம்பெறும் என்பதற்கு உறுதியிராது. அதன் நிகழ்தகவு என்ன என்று கேட்கவும் வழியிராது.