நம்பர் ஏறுதா? கிட்னியைக் கேளுங்க பாஸ்!

வீட்டில் யாருக்காவது சுகர் இருக்கிறதா? அப்படியானால் லேப் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லும் வேலை கண்டிப்பாக உங்கள் தலையில்தான் விழும். ‘காலேஜ் படிக்கிறியே, என்ன போட்டிருக்குன்னு பாரு!’ கொலஸ்ட்ரால் வரை சமாளித்துவிடுவீர்கள். மாஸ்டர் செக்கப் எடுத்திருந்தால், கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர் முழிக்கும். ஹோமோசிஸ்டீன். லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல்வரை நார்மல். அப்பாவுக்கு 22 என்று இருந்தால்? உடனே மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி வைட்டமின் மாத்திரை வாங்காதீங்க. வெயிட் ப்ளீஸ்!

யார் இந்த ஆசாமி? முட்டை, மீன், பால் என்று புரோட்டீன் எதைச் சாப்பிட்டாலும் அதில் மெத்தியோனைன் இருக்கும். உடம்பு அதைப் பயன்படுத்தும்போது நடுவில் உண்டாவதுதான் ஹோமோசிஸ்டீன். ஃபோலேட், பி6, பி12 துணையோடு அது வேறு பொருளாக மாறிவிடும். மாறாமல் தேங்கினால் வம்பு. பிறவிக் கோளாறால் இது எக்கச்சக்கமாக ஏறி இறந்த குழந்தைகளின் ரத்தக் குழாய்கள், வயதானவர்களுடையதுபோல் தடித்திருந்ததை 1969-ல் எழுதினார் அமெரிக்க டாக்டர் கில்மர் மெக்கல்லி. அன்றிலிருந்து இதய வில்லன்கள் லிஸ்ட்டில் இதுவும் உண்டு.

எங்க இன்ஜினீயரிங் பாஷையில் இது ஒரு தண்ணீர்த் தொட்டி. மட்டம் ஏறினால் வரத்து கூடியிருக்கலாம், வெளியே போகும் வழி அடைத்திருக்கலாம். மட்டத்தை மட்டும் பார்த்தால் எது என்று தெரியாது. இன்சுலின் இருந்தும் உடம்பு அதன் பேச்சைக் கேட்காத நிலைதான் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ். ஹோமோசிஸ்டீனை மாற்றும் கல்லீரல் என்சைம்களை இன்சுலின் பாதிக்கிறது. ஆனால் ரெசிஸ்டன்ஸ் கூடினால் ஹோமோசிஸ்டீனும் கூடுமா என்று கேட்டால், ஆய்வுகள் ஆளுக்கொரு பதில் சொல்கின்றன. கிட்னி விஷயத்தில் அந்தக் குழப்பமே இல்லை. வடிகட்டும் திறன் குறையக் குறைய, இது ஏறும்.

இதில் ஒரு ட்விஸ்ட். சுகரின் ஆரம்ப வருடங்களில் பலருக்குக் கிட்னி ஓவர்டைம் பார்க்கும். அப்போது ஹோமோசிஸ்டீன் நார்மலாக, ஏன், குறைவாகக்கூட இருக்கலாம். ‘நம்பர் சூப்பர்’ என்று நாம் விசிலடித்துக்கொண்டிருக்க, உள்ளே ஃபில்டர் தேய ஆரம்பித்திருக்கும்!

சரி, வைட்டமினால் நம்பரை இறக்கிவிட்டால்? கனடாவில் செய்து பார்த்தார்கள். 2010-ல் வெளியான ‘டிவைன்’ ஆய்வில், சுகரால் கிட்னி பாதித்த 238 பேர். ஒரு குரூப்புக்குத் தினமும் ஃபோலிக் அமிலம் 2.5 மி.கி., பி6 25 மி.கி., பி12 1 மி.கி. இன்னொரு குரூப்புக்கு டம்மி மாத்திரை. வைட்டமின் குரூப்பில் ஹோமோசிஸ்டீன் அழகாக இறங்கியது. ஆனால் 3 வருடத்தில் அவர்களின் வடிகட்டும் அளவு சராசரியாக 16.5 புள்ளிகள் சரிந்தது. டம்மி குரூப்பில் 10.7தான்! மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்துகளும் வைட்டமின் குரூப்பில் கிட்டத்தட்ட டபுள். செம ஷாக் இல்ல?

அதனால், அதே ரிப்போர்ட்டில் கிரியாட்டினின், ஈ.ஜி.எஃப்.ஆர்., யூரின் ஆல்புமின் எங்கே என்று தேடுங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள். இன்னொரு மேட்டர்: மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். அதனாலும் ஹோமோசிஸ்டீன் ஏறும். பி12 டெஸ்ட்டில் குறைவு தெரிந்தால் டாக்டரே டோஸ் எழுதித் தருவார். அது வேற, நாமே பட்டை பட்டையாக வாங்கி முழுங்குவது வேற. அடுத்த செக்கப்புக்கு அப்பாவோடு நீங்களும் போங்க, பழைய மருந்துச் சீட்டுகளையும் மறக்காம எடுத்துக்கங்க.