மறுபடியும் போட்ட பாட்டு

அந்த ஒலிப்பதிவு பாதி வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் யாரோ ஒருவர், நாற்பது வருடங்களுக்கு முன்னால், வீட்டு ரேடியோவிலிருந்து கேசட்டில் பிடித்து வைத்தது. பொத்தான் அமுங்குகிற 'டக்' சத்தம், லேசான கரகரப்பு, அதற்குப் பின்னால் ஒரு குரல். அந்தக் குரலுக்கு அவசரமே கிடையாது. எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல, அடுத்து வரும் குழு எந்த ஊர், தட்டை யார் வெளியிட்டார்கள் என்று சொல்கிறது. பாட்டு வருகிறது. அது முடியும் முன்னே கேசட்டின் ஒரு பக்கம் தீர்ந்துவிடுகிறது.

சில மாதங்களாக என் இரவுகள் இப்படித்தான் கழிகின்றன. குரலுக்குச் சொந்தக்காரர் ஜான் பீல். பி.பி.சி.யின் ரேடியோ 1 தொடங்கிய 1967லிருந்து 2004இல் இறக்கும்வரை அங்கே இசைத்தட்டு போட்டவர். முதல் அணியில் இருந்த அறிவிப்பாளர்களில் கடைசிவரை தாக்குப்பிடித்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய நிகழ்ச்சிகளில் பெரும்பகுதியை நிலையம் பாதுகாத்து வைக்கவில்லை. நேயர்கள்தான் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பையன்களும் பெண்களும் மறுநாள் பரீட்சையை மறந்து பிடித்த கேசட்டுகள் பரணிலும் அட்டைப் பெட்டியிலும் தூங்கின. அவர்களே வயதான பின் அவற்றைத் தூசு தட்டி, கணினியில் ஏற்றி, எந்தத் தேதி நிகழ்ச்சி, என்னென்ன பாட்டு என்று உட்கார்ந்து குறித்து, எல்லாருக்கும் பொதுவாக்கியிருக்கிறார்கள். காசு வாங்காமல் செய்த வேலை. இந்த வருடம் எனக்குக் கிடைத்த பெரிய புதையல் இதுதான்.

நமக்கு ரேடியோ என்றால் நேயர் விருப்பம். தபால் அட்டையில் பாட்டின் பெயரை எழுதிப் போட்டுவிட்டு, நம் பெயரை வாசிப்பார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த தலைமுறை நம்முடையது. அதில் ஒரு சுகம் உண்டு. தெரிந்த பாட்டைத்தான் நாம் கேட்போம். பீல் போட்டதோ, யாரும் கேட்டிராத, கேட்கத் தெரிந்திராத பாட்டு. ஒரே இரவில் பங்க், ஜமைக்காவின் ரெகே, ஜிம்பாப்வேயின் கிடார் இசை, ஏதோ ஒரு சின்ன ஊர்ப் பையன்களின் முதல் பதிவு எல்லாம் வரும். பிடித்தால் கேள், பிடிக்காவிட்டால் அடுத்த பாட்டுக்குக் காத்திரு.

'இண்டி' என்ற சொல் இன்று ஒருவகை மென்மையான கிடார் பாட்டின் பெயராகிவிட்டது. அதன் பிறப்பு வேறு. பெரிய கம்பெனியின் தயவு இல்லாமல் தாங்களே பதிவுசெய்து தாங்களே விற்ற இசை அது. இங்கிலாந்தில் அதற்கு வழிகாட்டிய தட்டுகளில் முதன்மையானது, மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'. நண்பர்களிடமும் வீட்டிலும் 500 பவுண்டு கடன் வாங்கி, முதலில் 1,000 பிரதி அடித்தார்கள். எந்தப் பாட்டை எத்தனையாவது முயற்சியில் எடுத்தோம், மேலே என்ன சேர்த்தோம் என்பதையெல்லாம் அதிலேயே அச்சிட்டுவிட்டார்கள். சமையல் குறிப்புபோல. படித்தவனுக்கு 'இதை நானும் செய்யலாமே' என்று தோன்றியிருக்கும். பல ஊர்களில் தோன்றவும் செய்தது.

அப்படித் தோன்றிய ஊர்களில் ஒன்று, யாரும் பாட்டுக் கச்சேரி நடத்தவே பயந்த பெல்ஃபாஸ்ட்.

பெல்ஃபாஸ்ட் இருக்கும் வட அயர்லாந்து, கத்தோலிக்க–புராட்டஸ்டண்ட் மோதலில் சிக்கியிருந்த அந்த வருடங்களைப் பற்றி ஒரு செய்தி மட்டும் சொல்கிறேன். 1975 ஜூலை 31 அன்று, 'மயாமி ஷோபேண்ட்' என்ற புகழ்பெற்ற குழு கச்சேரி முடித்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தது. ராணுவச் சீருடையில் இருந்தவர்கள் வழிமறித்தார்கள். குழுவில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் வெளியூர்க் கலைஞர்கள் அந்தப் பக்கம் வரவே யோசித்தார்கள். மாலையானால் நகரத்தின் நடுப்பகுதி வெறிச்சோடிவிடும்.

அந்த நடுப்பகுதியில்தான், அடிக்கடி குண்டுவெடிக்கிற கிரேட் விக்டோரியா தெருவில், டெரி ஹூலி ஓர் இசைத்தட்டுக் கடை திறந்தார். பெயர் 'குட் வைப்ரேஷன்ஸ்'. சிறுவயதில் விளையாட்டு அம்பு பட்டு ஒரு கண்ணை இழந்தவர். பாட்டுப் பித்தர். கத்தோலிக்கரா புராட்டஸ்டண்டா என்று கேட்டுவிட்டே அடுத்த வார்த்தை பேசுகிற ஊரில், 'உனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்' என்று மட்டும் கேட்ட கடை அது. இரு தரப்புப் பிள்ளைகளும் அங்கே கூடினார்கள். 1978 ஜனவரியில் 'தி பவுண்ட்' என்ற மதுக்கூடத்தில் 'ரூடி' என்ற உள்ளூர் பங்க் குழுவைக் கேட்டார் ஹூலி. கேட்டதும், இவர்களுக்கு ஒரு தட்டு போட்டே ஆகவேண்டும் என்று முடிவுசெய்துவிட்டார். தட்டு எப்படிப் போடுவது என்று அவருக்குத் தெரியாது. கையில் பணமும் இல்லை. கடையின் பெயரிலேயே வெளியீட்டு நிறுவனம் பிறந்தது.

அதன் நான்காவது வெளியீடுதான் நம் கதைக்கு வேண்டியது. அதே வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்தில் ஐந்து பையன்கள். ஃபியர்கல் ஷார்க்கி பாட்டு. ஜான் ஓ'நீல், அவர் தம்பி டேமியன் இருவரும் கிடார். மைக்கேல் பிராட்லி பேஸ். பில்லி டொஹர்ட்டி டிரம்ஸ். குழுவின் பெயர் 'அண்டர்டோன்ஸ்'. 1972 ஜனவரி 30 அன்று பிரிட்டிஷ் ராணுவம் ஊர்வலத்தில் சுட்டு 13 பேர் அன்றைக்கே பலியான ஊர் அது. அந்த ஊர்ப் பிள்ளைகள் பாடினால் குண்டையும் துப்பாக்கியையும்தான் பாடுவார்கள் என்று உலகம் எதிர்பார்த்தது. இவர்கள் பாடியது, ஒரு பெண்ணைப் பார்த்து மனம் துள்ளுவதை. தெருவில் செக்போஸ்ட் நிற்கும்போதும் பதினாறு வயது பதினாறு வயதுதான் என்று அந்தப் பாட்டு சொல்வதாக எனக்குப் படுகிறது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அதனாலேயே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பெரிய கம்பெனிகளுக்கு அனுப்பிய மாதிரிப் பதிவுகள் திரும்பி வந்திருந்தன. குழுவைக் கலைத்துவிடலாமா என்கிற அளவுக்குச் சோர்ந்திருந்தார்கள். 1978 ஜூனில் பெல்ஃபாஸ்டின் விஸார்ட் ஸ்டூடியோவில் நான்கு பாட்டுகளை எடுத்தார்கள். செலவு 200 பவுண்டு. அட்டை உறை அடிக்கக் கட்டுப்படியாகாது. அதனால் பெரிய தாள் ஒன்றில் படம் அச்சிட்டு, அதை மடித்துத் தட்டைச் சுற்றினார்கள். மடித்ததும் கையால்தான். விரித்தால் சுவரில் ஒட்டும் சுவரொட்டி, மடித்தால் உறை. ஏழ்மை கண்டுபிடித்த அழகு அது. இன்று சேகரிப்பாளர்கள் அந்தத் தாளின் மடிப்புக் கோட்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

தட்டைத் தூக்கிக்கொண்டு லண்டன் போனார் ஹூலி. ஏறி இறங்காத படியில்லை. எல்லாரும் கைவிரித்தார்கள். ஒரு பிரதி பீல் கைக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் ஹூலி மனம் உடைந்துதான் ஊர் திரும்பினார்.

1978 செப்டம்பரில் ஓர் இரவு பீல் அந்தத் தட்டை வைத்தார். டிரம்ஸில் இரண்டு அடி, உடனே கிடார், அதன் மேல் ஷார்க்கியின் நடுங்கும் குரல். பாட்டின் பெயர் 'டீனேஜ் கிக்ஸ்'. இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் பீல் ஊசியைத் தூக்கி மறுபடியும் தொடக்கத்தில் வைத்தார். ஒரே பாட்டை அடுத்தடுத்து இரண்டு முறை போடுவது அந்த நிலையத்தில் நடக்காத காரியம். புதுத் தட்டுகளுக்கு ஐந்து நட்சத்திரம்வரை மதிப்பெண் போடும் வழக்கம் அவருக்கு உண்டு. இதற்கு 28 போட்டார். இறக்கும்வரை தன் உயிர்ப் பாட்டு இதுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அமெரிக்காவின் சையர் நிறுவனத்தின் தலைவர் சீமோர் ஸ்டைன் அப்போது இங்கிலாந்தில் இருந்தார். ரேடியோவில் பாட்டைக் கேட்டார். உடனே டெர்ரிக்கு ஆள் போனது. அக்டோபரிலேயே தட்டு மறுவெளியீடு கண்டு, பிரிட்டனின் பட்டியலில் 31ஆம் இடம்வரை ஏறியது. பையன்கள் தொலைக்காட்சியில் தோன்றினார்கள். கண்டெடுத்த ஹூலிக்கு என்ன கிடைத்தது? உரிமையைக் கொடுத்துவிட்டு அவர் வாங்கியது சொற்பத் தொகை. கூடவே தன் அபிமானக் குழுவான ஷாங்ரி-லாஸின் கையெழுத்திட்ட படம் ஒன்றையும் கேட்டதாகச் சொல்வார்கள். அவரை ஏமாளி என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பாட்டு பெல்ஃபாஸ்டைத் தாண்டிப் போகவேண்டும் என்றுதான் அவர் லண்டனில் படியேறினார், அது போய்விட்டது.

அந்தத் தட்டு பீல் கண்ணில் பட்டதை அதிர்ஷ்டம் என்று சொல்லத் தோன்றலாம். பீலின் வேலைமுறையைப் பார்த்தால் அந்தச் சொல்லே எழாது. அவருக்கு வரும் கேசட்டும் தட்டும் மூட்டை மூட்டையாக இருக்கும். சஃபோக் கிராமத்து வீட்டுக்கும் லண்டனுக்கும் இடையே காரோட்டும் நேரமெல்லாம் கேசட்தான். வீட்டில் ஏறக்குறைய 26,000 எல்.பி. தட்டுகள், 40,000 சிறு தட்டுகள். எல்.பி. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, தட்டச்சில் அட்டை அடித்து, நூலகம்போல வைத்திருந்தார். 1981இல் ஷெஃபீல்டில் ஒரு பள்ளி மாணவன் தன் குழுவின் கேசட்டை அவர் கையில் திணித்தான். அந்த வருடமே அந்தக் குழுவைப் பதிவுக்கு அழைத்தார் பீல். பையன் ஜார்விஸ் காக்கர், குழு 'பல்ப்'. நாடறிந்த பெயராக அவர்களுக்கு அதற்குப் பிறகும் பத்து வருடங்களுக்கு மேல் பிடித்தது.

பதிவு என்றேனே, அதுதான் 'பீல் செஷன்'. ரேடியோவில் இத்தனை மணி நேரம்தான் இசைத்தட்டு போடலாம் என்று இசைக் கலைஞர் சங்கமும் தட்டு நிறுவனங்களும் பி.பி.சி.க்கு வரம்பு வைத்திருந்தன. மீதி நேரத்தை நிரப்ப, குழுக்களை வரவழைத்து நிலையத்திலேயே பதிவுசெய்வார்கள். இந்தக் கட்டுப்பாட்டைத்தான் பீலும் அவருடைய தயாரிப்பாளர் ஜான் வால்டர்ஸும் வாய்ப்பாக்கினார்கள். பெரும்பாலும் லண்டனின் மைடா வேல் ஸ்டூடியோவில், ஒரே நாளில் நான்கு பாட்டு. மெருகேற்ற நேரமிருக்காது, குழு மேடையில் எப்படி ஒலிக்குமோ அப்படியே ஒலிக்கும். 2,000க்கும் மேற்பட்ட கலைஞர்கள், 4,000க்கும் மேற்பட்ட பதிவுகள். 'தி ஃபால்' குழு மட்டும் 24 முறை வந்தது.

பில்லி பிராக் வந்த கதை தனி. 1983இல் ஓர் இரவு, பசிக்கிறது, ஒரு காளான் பிரியாணி கிடைத்தால் தேவலை என்று பீல் ஒலிபரப்பிலேயே சொல்லிவிட்டார். அப்போது பெயர் தெரியாத பாடகர் பிராக். பிரியாணிப் பொட்டலத்தையும் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்கே ஓடினார். பீல் சாப்பிட்டார், பாட்டையும் போட்டார். அவசரத்தில் வேகத்தை மாற்றி வைத்துவிட்டார் என்பது வேறு விஷயம். பிரியாணி இல்லாவிட்டாலும் போட்டிருப்பேன் என்று பிற்பாடு சொன்னார். கேசட்டுகளைக் கேட்டவன் என்ற முறையில் அதை நான் நம்புகிறேன்.

ஒன்றை மறைத்துவிட்டு இவரைப் பாராட்ட எனக்கு மனமில்லை. இளவயதில் அமெரிக்காவில் இருந்தபோது, 1965இல், 15 வயதுப் பெண்ணை அவர் மணந்தார். அந்த நாட்களின் நடத்தைக்காக இன்று கடுமையாக விமர்சிக்கப்படுகிறார். அந்த விமர்சனம் நியாயமானது. அவர் காதின் நேர்மை அதற்குச் சமாதானம் ஆகாது.

2004 அக்டோபர் 25 அன்று பெருவின் குஸ்கோ நகரில் மாரடைப்பால் பீல் இறந்தார். வயது 65. இறுதிச் சடங்கில் அவர் உடலை 'டீனேஜ் கிக்ஸ்' ஒலிக்கத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். கல்லறையில் அந்தப் பாட்டின் ஒரு வரியைப் பொறித்திருக்கிறார்கள். அதே வருடம் ஏப்ரலில் பெல்ஃபாஸ்டில் ஹூலியின் கடை அப்போது இருந்த வணிக வளாகம் தீக்கிரையாகி, அவர் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் சாம்பலானது. அதன்பிறகும் கடையைத் திறந்தார். ஹூலியின் கதை 2012இல் 'குட் வைப்ரேஷன்ஸ்' என்று கடையின் பெயரிலேயே படமானது. மைடா வேல் ஸ்டூடியோவை 2023இல் பி.பி.சி. விற்றுவிட்டது, வாங்கியவர்களில் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மரும் ஒருவர் என்பதால் அங்கே இனியும் இசை ஒலிக்கும் என்று நிம்மதி. ஷார்க்கி இப்போது இங்கிலாந்தின் ஆறுகளில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து, கொள்ளை லாபம் பார்க்கும் தண்ணீர் நிறுவனங்களோடு மல்லுக்கு நிற்கிறார். அந்த நடுங்கும் குரல் இன்று ஆற்றுக்காகக் கேட்கிறது.

இன்று பாட்டு வெளியிடக் கடன் வாங்கவேண்டாம், தாள் மடிக்கவேண்டாம். ஆனால் வெளிவந்ததைக் கேட்க ஆள் வேண்டுமே. அடுத்த பாட்டு எதுவென்று கைப்பேசியே தீர்மானித்து ஊட்டுகிறது. அது நமக்குத் தருவது நாம் ஏற்கெனவே கேட்டதன் சாயலைத்தான். அதனால் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஓர் இரவு, பெயரே தெரியாத ஒரு குழுவின் பாட்டை முழுதாகக் கேளுங்கள். பிடித்திருந்தால் காசு கொடுத்து வாங்கி, நண்பர் ஒருவருக்குப் பெயர் சொல்லி அனுப்புங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் இன்றிரவு 'டீனேஜ் கிக்ஸ்' கேளுங்கள். இரண்டரை நிமிடம்தான். முடிந்ததும் மறுபடியும் போடுங்கள்.