கம்ப்யூட்டருக்கும் தினக்குறிப்பு வேண்டும்

கம்ப்யூட்டர் பட்டணவாசிகளுக்கே உரிய வஸ்து என்று எண்ணிய காலம் கழிந்துவிட்டது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலைமேல் ஏறினால், ஏற்காட்டிலே தாலூகா கச்சேரியிலும், பஞ்சாயத்து யூனியன் ஆபீஸிலும், பாங்கிகளிலும், பள்ளிக்கூடங்களிலும், விடுதிகளிலும் அந்த யந்திரமே கணக்கெழுதுகிறது. ரேஷன் கடையில் கைரேகை வாங்கும் கருவியும் அதன் இனத்தைச் சேர்ந்ததே. மலைக் கிராமங்களில் வாழும் மலையாளிக் குடியானவரின் பட்டா, அவருடைய பிள்ளையின் ஜாதிச் சான்றிதழ், முதிய தாயாரின் பென்ஷன் ஆகிய யாவும் இன்று யந்திரத்தினுள் அடங்கியிருக்கின்றன. ஆகவே, அந்த யந்திரத்தை யார் தொட்டார், எப்பொழுது தொட்டார், தொட்டு என்ன செய்தார் என்னும் கேள்வி பொறியியல் நிபுணர்களின் கேள்வி மட்டுமன்று. பிரஜைகளின் உரிமையைப் பற்றிய கேள்வியாகும்.

ஒரு நாள் காலையில் அந்தக் குடியானவரின் பட்டாவிலே வேறொருவர் பெயர் ஏறியிருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். கர்ணத்தின் காலத்தில் அடித்தல் திருத்தல் சாட்சி சொல்லும். மையின் நிறம் சாட்சி சொல்லும். கையெழுத்து சாட்சி சொல்லும். யந்திரத்தில் மையுமில்லை, கையெழுத்துமில்லை. "நான் செய்யவில்லை, என் பெயரால் யாரோ உள்ளே புகுந்துவிட்டார்" என்பார் குமாஸ்தா. அது உண்மையாயிருக்கலாம், பொய்யாயுமிருக்கலாம். அவரைக் குற்றவாளியாக்கவும் குற்றமற்றவராக்கவும் வல்ல சாட்சி ஒன்றே உண்டு. அதுதான் யந்திரம் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் தினக்குறிப்பு. உத்தியோக பாஷையில் இதனை "லாக்" என்கிறார்கள்.

விண்டோஸ் யந்திரத்தில் ஒருவர் உள்ளே நுழைந்தால் 4624 என்ற எண்ணோடு ஒரு குறிப்பு விழுகிறது. கடவுச்சொல் தவறித் திரும்பினால் 4625. புதிதாக ஒரு கணக்கு உண்டாக்கப்பட்டால் 4720. குறிப்பேட்டையே ஒருவர் அழித்துவிட்டால், அழித்த செய்தி 1102 என்று பதிவாகிறது. இன்ன செயலி ஓடத் தொடங்கியது என்று சொல்லும் 4688-ஐ மட்டும் நாமே கட்டளையிட்டுத் திறக்கவேண்டும், தானாக எழுதப்படுவதில்லை. இவ்வளவு விசுவாசமுள்ள குமாஸ்தா வேறெங்கும் கிடைப்பது அரிது. ஆனால் இந்தக் குமாஸ்தாவிடம் இரண்டு குறைகள் உள. முதலாவது, ஏடு நிரம்பினால் பழைய பக்கத்தின்மேலேயே எழுதுவான். பாதுகாப்புக் குறிப்பேட்டுக்கு வழக்கமாக ஒதுக்கப்படுவது 20 மெகாபைட்தான். இரண்டாவது, அந்த யந்திரத்தை முழுவதும் கைப்பற்றிய திருடன் ஏட்டையும் கைப்பற்றிவிடுகிறான்.

இது வெறும் அச்சமன்று என்பதற்கு நம் சோழநாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. 1904-ல் கும்பகோணத்தில் தோன்றிய ஸிட்டி யூனியன் பாங்கியில், 2018 பிப்ரவரி 7-ந் தேதி காலையில் கணக்கை ஒத்துப்பார்த்தபோது, பாங்கியார் அனுப்பாத மூன்று பணவிடைகள் "ஸ்விப்ட்" என்னும் சர்வதேசத் தந்தி முறைமூலம் வெளியேறியிருந்தமை தெரியவந்தது. துபாய்க்கு 5 லட்சம் டாலர். துருக்கிக்கு 3 லட்சம் யூரோ. சீனத்துக்கு 10 லட்சம் டாலர். துபாய்க்குப் போன தொகை வழியிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பிவிட்டது. நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டுவது வேறொன்று. முதல் நாள் இரவு, பணவிடைகளுக்கு அத்தாட்சிச் சீட்டு அச்சிடும் யந்திரம் வேலை செய்யவில்லை. ஏதோ பழுது என்று எண்ணப்பட்டது. அது பழுதன்று, புகுந்தவர்கள் செய்த வேலை என்பது பிறகுதான் விளங்கிற்று. 2016 பிப்ரவரியில் வங்கதேசத்து மத்திய பாங்கியிலிருந்து 8 கோடியே 10 லட்சம் டாலர் களவு போனபோதும் அச்சு யந்திரம் இவ்வாறே வாயடைக்கப்பட்டது. கன்னக்கோல் வைக்கிறவன் முதலில் நாயின் வாயைக் கட்டுகிறான். ஆகவே, குறிப்பு எழுதப்படுவது எவ்வளவு முக்கியமோ, குறிப்பு நின்றுபோனதை உடனே அறிவதும் அவ்வளவு முக்கியம்.

கூடங்குளத்து விஷயமும் நினைவிலிருக்கத்தக்கது. 2019 அக்டோபர் 29-ந் தேதி அணுமின் நிலையத்தின் சார்பில் மறுப்பு வெளிவந்தது. மறுநாளே அணுசக்திக் கார்ப்பரேஷன், நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டோடு இணைக்கப்பட்டிருந்த ஒரு கம்ப்யூட்டரில் தீய நிரல் புகுந்திருந்ததை ஒப்புக்கொண்டது. இந்தியக் கம்ப்யூட்டர் அவசர உதவிக் குழுவாகிய ஸெர்ட்-இன் அதனைத் தெரிவித்தது செப்டம்பர் 4-ந் தேதி என்றும் கூறிற்று. அணு உலையை நடத்தும் உள்வலை தனித்திருந்ததால் ஆபத்தில்லை என்றார்கள். நல்லது. ஆனால் படிப்பினை தெளிவாயிருக்கிறது. பகைவன் கோட்டை வாசலைத் தேடி வருவதில்லை. குமாஸ்தாவின் மேஜையைத் தேடி வருகிறான்.

இனி, செய்யவேண்டுவது யாது? முதற் காரியம் திரட்டுதல். ஒவ்வொரு யந்திரமும் எழுதும் குறிப்பு, எழுதிய மாத்திரத்தில் அந்த யந்திரத்தை விட்டு வெளியேறி, வேறிடத்திலுள்ள பொதுக் களஞ்சியத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அங்கே கூட்டலாமேயன்றி அழிக்கலாகாது. மலைமேல் இதற்கு ஒரு தடை உண்டு. காற்றும் மழையும் வீசும் நாட்களில் கம்பித் தொடர்பு அறுந்துபோவது மலைவாசிகளுக்குப் புதிதன்று. ஆதலால் குறிப்பை அனுப்பும் செயலி, தொடர்பற்ற வேளையில் குறிப்புகளை வரிசை கெடாமல் சேர்த்துவைத்து, தொடர்பு வந்ததும் அனுப்பும் திறனுடையதாயிருத்தல் வேண்டும். அன்றியும், ஒன்றும் நேராவிட்டாலும் "இருக்கிறேன்" என்று சில நிமிஷங்களுக்கொரு முறை அது சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். அச்சொல் நின்றால், மழையினால் நின்றதா, மனிதனால் நின்றதா என்று விசாரிக்கவேண்டும். கும்பகோணத்துப் பாடம் இதுவே.

இரண்டாவது காரியம் ஒழுங்குபடுத்துதல். இதுதான் கடினம்; இதிலேதான் பலர் தவறுகிறார்கள். ஜமாபந்தியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வருஷந்தோறும் கிராமக் கணக்குகளெல்லாம் தாலூகா கச்சேரிக்கு வருகின்றன. ஒவ்வொரு கிராமத்தாரும் தமக்குத் தோன்றிய மாதிரியில் எழுதிவந்தால் தணிக்கை செய்வது எங்ஙனம்? அடங்கலும் சிட்டாவும் ஒரே கட்டத்தில், ஒரே பசலி ஆண்டில் இருப்பதனாலேயே ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்க முடிகிறது. 2024 ஜூலையில் தொடங்கியது 1434-ம் பசலி என்று அறியாதவர் அக்கணக்கைப் படித்தால் குழம்புவார். கம்ப்யூட்டர்களின் நிலையும் இதுவே. ஒரு யந்திரம் "பயனர்" என்பதை மற்றொன்று "கணக்கு" என்கிறது. ஒன்று நாளை முதலில் எழுதுகிறது. மற்றொன்று மாதத்தை முதலில் எழுதுகிறது. லினக்ஸ் யந்திரங்களில் வழங்கிவந்த பழைய முறைக் குறிப்பில் வருஷமே இல்லை! இவற்றையெல்லாம் ஒரே பெயர், ஒரே கட்டம், ஒரே நேரம் என்று மாற்றியமைத்தாலன்றி, இந்த வாசலில் நுழைந்தவனும் அந்தப் பெட்டியைத் திறந்தவனும் ஒருவனே என்று காணமுடியாது. 2022-ல் பல கம்பெனிகள் கூடி வெளியிட்ட "ஓ.ஸி.எஸ்.எப்." என்னும் பொதுக் கட்ட முறை இதன் பொருட்டே உண்டானது.

நேரத்தைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. முன்னாளில் சென்னை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முந்தியது. கல்கத்தாவுக்கு ஒரு நேரம், பம்பாய்க்கு ஒரு நேரம். 1906 ஜனவரி 1-ந் தேதிதான் ஐந்தரை மணிக் கணக்காகிய இந்தியப் பொது நேரம் ஏற்பட்டது. அப்பழைய குழப்பம் இன்று யந்திரங்களுக்குள் குடியேறியிருக்கிறது. விண்டோஸ் தன் குறிப்பை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. ஏற்காட்டில் 7-ந் தேதி பின்னிரவு 2 மணி 10 நிமிஷத்துக்கு நடந்த பிரவேசம், அதன் ஏட்டில் 6-ந் தேதி இரவு 8 மணி 40 நிமிஷமாக நிற்கும். பக்கத்து மேஜை யந்திரம் உள்ளூர் நேரத்தில் எழுதினால், ஒரே களவு இரண்டு நாட்களில் நடந்த இரண்டு சம்பவங்களாகத் தோன்றும். குற்றமற்றவர் மாட்டிக்கொள்வதும் குற்றவாளி தப்புவதும் இந்த ஐந்தரை மணி இடைவெளியில்தான். ஒழுங்குபடுத்தும்போது மூலக் குறிப்பை அழித்துவிடவும் கூடாது. மூலம் அப்படியே ஒருபுறம் இருக்க, ஒழுங்குபடுத்திய நகல் மறுபுறம் இருக்கவேண்டும். நியாயஸ்தலம் கேட்பது மூலத்தையே. 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் அவசியம் என்று சுப்ரீம் கோர்ட் தீர்மானித்தது. 2024 ஜூலை 1 முதல் அமுலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, அந்தச் சான்றிதழில் பதிவின் "ஹாஷ்" எண்ணையும் குறிக்கச் சொல்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

கட்டளைகள் இல்லாமலில்லை. 2022 ஏப்ரல் 28-ந் தேதி ஸெர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, குறிப்புகளை 180 நாள் காக்கவேண்டும். யந்திரக் கடிகாரங்களை தேசிய நிறுவனங்களின் கடிகாரத்தோடு இசைக்கவேண்டும். அசம்பாவிதத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். குறிப்புகள் இந்திய எல்லைக்குள் இருக்கவேண்டுமென்று உத்தரவு சொல்லிற்று; கேட்டபோது கொடுக்க முடியுமாயின் வெளிநாட்டிலும் வைக்கலாமென்று பின்னர் வந்த விளக்கம் அதைத் தளர்த்திற்று. இத்தளர்ச்சி நமக்கு உவப்பானதன்று. ஏன் என்பதைச் சேலம் ஜில்லாவின் சரித்திரமே சொல்லும். 1792-ல் பாரமகாலும் சேலமும் கம்பெனியாரின் கைக்கு வந்தபோது, காப்டன் ரீடும் அவருக்குக் கீழிருந்த மன்றோ முதலியோரும் வயல் வயலாய் அளந்து, பலவகைக் கிராமக் கணக்குகளை ஒரே முறைக்குக் கொண்டுவந்தார்கள். திறமையான வேலைதான், ரயத்துவாரி முறை அதிலிருந்தே வளர்ந்தது. ஆயினும் அக்கணக்கு யாருக்காக எழுதப்பட்டது? குடியானவனுக்காகவா, கிஸ்திக்காகவா? கணக்கு யார் கையிலோ அதிகாரமும் அவர் கையில் என்பதை நம் முன்னோர் அனுபவித்தே அறிந்தார்கள். நம் கச்சேரிகளின் அந்தரங்கமெல்லாம் அந்நியக் கம்பெனிகளின் களஞ்சியத்தில் குவியுமாயின், சுயராஜ்யத்தின் ஒரு மூலை அடகுபோனதாகவே கொள்ளவேண்டும்.

அந்நியன் கையில் கூடாதென்பதனால் உள்நாட்டு அதிகாரிகள் கையில் வரம்பின்றி இருக்கலாம் என்பதில்லை. யந்திரத்தைக் காவல் காக்கும் ஏடு, மனிதனை வேவு பார்க்கும் ஏடாக மாறுவதற்கு ஓர் அங்குலந்தான் தூரம். குமாஸ்தா எத்தனை நிமிஷம் எழுந்து போனார், யாருக்குக் கடிதம் எழுதினார், எந்தச் சங்கத்தின் பத்திரிகையைப் படித்தார் என்பவற்றையும் அதே செயலி திரட்டவல்லது. அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று 2017 ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகச் சொன்னார்கள். ஆயினும், எல்லோருடைய ஏடுகளையும் கேட்டு வாங்கும் அதிகாரமுள்ள ஸெர்ட்-இன் ஸ்தாபனம் 2023 நவம்பரில் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்களிக்கப்பட்டது. பிரஜைகளின் கதவு திறந்திருக்க, சர்க்காரின் கதவு மட்டும் சாத்தியிருப்பது ஜனநாயகத்துக்கு அழகன்று. காவற்காரனுக்கும் ஒரு தினக்குறிப்பு வேண்டும். களஞ்சியத்தைத் திறந்து பார்த்தவர் யார் என்பதும் அதே களஞ்சியத்தில் எழுதப்படவேண்டும்.

பணமில்லை என்ற சமாதானம் செல்லாது. வாஸு, ஆஸ்குவெரி போன்ற இலவசத் திறமூலச் செயலிகள் இருக்கின்றன; கற்றறிந்த வாலிபர்கள் சேலத்திலேயே இருக்கிறார்கள். இல்லாதது மனமே. ஆகவே நாம் கோருவன நான்கு. ஜில்லாதோறும் மலைக் கச்சேரிகளுக்கும் சிற்றூர் ஸ்தாபனங்களுக்கும் பொதுவான ஒரு குறிப்புக் களஞ்சியம் நம் மண்ணிலேயே அமையவேண்டும். அதற்கு வரும் குறிப்புகள் ஒரே கட்டத்திலும் ஒரே நேரத்திலும் ஒழுங்குபடவேண்டும். எதைத் திரட்டுவது, எதைத் திரட்டக் கூடாது என்பது எழுத்துமூலமாக ஊழியர்களுக்கு முன்னதாகவே அறிவிக்கப்படவேண்டும். வருஷத்துக்கொரு முறை, ஜமாபந்தியைப் போலவே, இவற்றையும் வெளியார் தணிக்கை செய்து முடிவைப் பிரசுரிக்கவேண்டும்.

தேச ஊழியர்கள் இதனை நிபுணர்களின் விஷயமென்று ஒதுக்கிவிடலாகாது. தங்கள் ஊர் பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்த ஆபீஸின் குறிப்புகள் எங்கே போகின்றன? எத்தனை நாள் இருக்கின்றன? யார் பார்க்கிறார்கள்?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். விடை சொல்லத் தெரியாத ஆபீஸில் களவு நடந்தால், களவு போனதே ஒருவருக்கும் தெரியாது.